தாளும் பொருளும்

ஆய்வுகூடத்துக்கு ஒரு பொருள் வந்து சேருமுன் அதனைப் பற்றிய தாள் வந்து சேர்ந்துவிடுகின்றது. பொருளோ சுண்டுவிரல் அளவான கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் பஞ்சுத் துணுக்குப் போல ஒட்டியிருக்கும் சில மில்லிகிராம் வெண்தூள். தாளோ இலச்சினையும் கையொப்பமும் எண்களும் நிறைந்து கம்பீரமாகக் காட்சியளிப்பது. தூளை எவ்வளவு நேரம் உற்றுநோக்கினும் அது தன்னைப் பற்றி எதுவும் கூறாது. உப்பும் வெண்மை, சீனியும் வெண்மை, நாம் வேண்டிய பொருளும் வெண்மை. ஆகவே பேசாத பொருளை விடுத்துப் பேசுகின்ற தாளை நம்புதல் நமக்கு இயல்பாகிவிடுகின்றது. பகுப்பாய்வுச் சான்றிதழ் எனப்படும் அத்தாளைப் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

நான் இங்கே கருதும் பொருள் பெப்தைட்டு. அமினோ அமிலங்கள் மணிகள்போலக் கோக்கப்பட்ட குறுஞ்சங்கிலி அது. சங்கிலி நீண்டு மடிந்தால் புரதம் எனப் பெயர் பெறும். இன்று ஆய்வுகளுக்குப் பயன்படும் பெப்தைட்டுகளிற் பெரும்பாலானவை உயிரிகளிலிருந்து பிரித்தெடுக்கப்படுவனவல்ல, செயற்கையாகக் கட்டப்படுவன. நுண்ணிய பிசின் மணியொன்றில் முதல் அமினோ அமிலத்தைப் பிணைத்து, அதன்மீது ஒவ்வொன்றாக ஏனையவற்றை ஏற்றும் முறையை அமெரிக்கரான புரூஸ் மெரிபீல்ட் 1963இல் வெளியிட்டார். 1984இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். முறை எளிது, கணக்கு இரக்கமற்றது. இருபது அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிக்குப் பத்தொன்பது இணைப்புகள் வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நிறைவேறினாலும், இறுதியில் முழுமையான சங்கிலி நூற்றுக்கு 83 பங்கே இருக்கும். இணைப்பின் திறன் 98 ஆகக் குறைந்தால் அப்பங்கு 68 ஆகிவிடும். எஞ்சியவை ஒரு மணி குறைந்த, இரு மணி குறைந்த, உருவில் உண்மைப் பொருளையே ஒத்த சங்கிலிகள். அவற்றை நீக்கித் தூய்மைப்படுத்துவதே விற்பவரின் வேலை. நீக்கினாரா எனக் காண்பது வாங்குபவரின் வேலை.

இந்த இரண்டாவது வேலையின் இயல்பை நான் பல்கலைக்கழகத்திற் கற்கவில்லை, இரத்தோட்டையிற் கற்றேன். மாத்தளையிலிருந்து கிழக்கே றிவஸ்டனை நோக்கி ஏறும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் எம்மூர், தேயிலையோடு மிளகும் ஏலமும் கராம்பும் சாதிக்காயும் விளையும் ஊர். என் தந்தையார் அங்கே ஒரு சிறு கடையில் மிளகு வாங்கி மாத்தளைக்கு அனுப்பி வந்தார். மூட்டையின் வாயில் இருப்பதைப் பார்த்து அவர் விலை கூறியதை நான் கண்டதேயில்லை. குத்தூசியை மூட்டையின் இடுப்பிலும் அடியிலும் செலுத்தி, வருவதை உள்ளங்கையில் ஏந்துவார். ஒரு மணியைப் பல்லிடையே கடிப்பார். ஒரு பிடியைத் தண்ணீரில் இடுவார். முற்றாத சப்பை மிளகும், கலப்படமாகச் சேர்க்கப்படும் பப்பாசி விதையும் மிதக்கும். முற்றிய மிளகு தாழும். பின்னர் ஒரு லீற்றர் அளவுப் பாத்திரத்தை நிரப்பி நிறுப்பார். ஏற்றுமதி வணிகத்தில் லீற்றருக்கு 500 கிராம், 550 கிராம் என்னும் அளவுகள் வழக்கிலுள்ளன.

இதில் நான் வியந்து நோக்குவது ஒன்றுண்டு. ஒவ்வொரு சோதனையும் மற்றதற்குத் தெரியாததைச் சொல்லிற்று. தண்ணீர்ச் சோதனை ஈரத்தைக் காட்டாது. நிறை, ஈர மிளகையும் நல்ல மிளகாகக் காட்டிவிடும். கடித்துப் பார்த்தல் ஈரத்தைச் சொல்லும். மூட்டையின் அடியில் இருப்பதைச் சொல்லாது. தந்தையார் இவற்றுள் எதனையும் தனித்து நம்பியவரல்லர். கொண்டுவந்தவர் எத்துணை நெருங்கிய உறவினராயினும் குத்தூசியை ஒதுக்கிவைத்தவருமல்லர். அதனை யாரும் அவமதிப்பாகக் கொண்டதாகவும் நினைவில்லை.

ஆனால் அச்சிட்ட தாளின் முன் எம்மவர்களின் நிலை வேறு. மலையகத் தமிழரின் வாழ்வையே தாள்கள் தீர்மானித்தன என்பதை வாசகர் அறிவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னும், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னும், ஒரு பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்ததா இல்லையா என்பதில் ஒரு குடும்பம் இந்நாட்டிற் தங்குவதும் கப்பலேறுவதும் அடங்கியிருந்தன. என் பாட்டனார் தம் தாள்களைப் பிஸ்கட் தகரப் பெட்டியொன்றில் பூட்டி வைத்திருந்தார். முத்திரை குத்திய எதனையும் இரு கைகளாலும் வாங்குவார். அச்சத்திலிருந்து பிறந்த அப்பணிவு இன்னும் எம்மிடமிருந்து முற்றாக நீங்கவில்லை என்றே கருதுகின்றேன். மிளகுக்குக் குத்தூசி எடுக்கும் கை, முத்திரையிட்ட தாளைக் கண்டதும் கும்பிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வுகூடத்து மாணவியொருவர் தமது பட்டமேற்படிப்பு ஆய்வுக்காகப் பற்றீரியாக்களை எதிர்க்கும் ஒரு பெப்தைட்டை வேண்டினார். இருபது அமினோ அமிலங்கள் கொண்டது அது. நடைமுறைப்படி மூன்று விலைமனுக்கள் பெறப்பட்டன. குறைந்த விலை கூறிய முகவர் தெரிவு செய்யப்பட்டார். பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தது. சான்றிதழில் தூய்மை 98.4 வீதம். மாணவி அதனைக் கோப்பில் இடுமுன் இரண்டு விடயங்களைக் கண்டார். குப்பியில் ஒட்டியிருந்த தொகுதி இலக்கமும் தாளிலிருந்த தொகுதி இலக்கமும் வேறு. மேலும், சோதனை நடைபெற்றதாகத் தாளிற் கண்ட திகதி, நாம் கட்டளை அனுப்பிய நாளுக்கு ஐந்து வாரம் முந்தியது. நமக்கென்றே புதிதாகக் கட்டப்படும் என்று கூறப்பட்ட பொருள், நாம் கேட்பதற்கு முன்னரே சோதிக்கப்பட்டிருந்தது!

முகவருக்கு எழுதினோம். எழுத்துப்பிழை எனப் பதில் வந்தது. மறுநாளே திருத்திய சான்றிதழும் வந்தது. இலக்கம் மாறியிருந்தது, திகதி மாறியிருந்தது. ஆனால் கீழே அச்சிடப்பட்டிருந்த வரைபடம் மாறவில்லை. இரண்டு தாள்களையும் யன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேலொன்றாகப் பிடித்தபோது ஒவ்வொரு சிறு மேடும் பள்ளமும் பொருந்தின. ஒரே பொருளை இருமுறை அளந்தாற்கூட அவ்வாறு பொருந்துதல் அரிது.

அந்த வரைபடத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் மோசடியைவிட மிகுதியாக விளக்கமின்மையே இத்துறையில் இழப்பை உண்டாக்குகின்றது. கரைத்த தூளை நுண்மணிகள் அடைத்த ஒரு குழாயினூடாக உயர் அழுத்தத்திற் செலுத்துவர். கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளியேறும். வெளியேறும் இடத்தில் 214 அல்லது 220 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஊதாக்கடந்த ஒளி பாய்ச்சப்படும். பெப்தைட்டின் பிணைப்பு அவ்வொளியை உறிஞ்சும். உறிஞ்சிய அளவு ஒரு சிகரமாகப் பதிவாகும். முதன்மைச் சிகரத்தின் பரப்பு எல்லாச் சிகரங்களின் மொத்தப் பரப்பில் எத்தனை வீதம் என்பதே 'தூய்மை'. ஆகவே அவ்வொளியை உறிஞ்சாதது எதுவும் இக்கணக்கில் இல்லை. தண்ணீர் இல்லை, உப்பு இல்லை. தூய்மைப்படுத்தும்போது பயன்படும் முப்புளோரோ அசற்றிக் அமிலம் பெப்தைட்டோடு ஒட்டிக்கொண்டு உப்பாகத் தங்கும், அதுவும் இல்லை. குப்பியின் நிறையில் உண்மையான பெப்தைட்டு எத்தனை வீதம் என்பது 'தேறிய பெப்தைட்டு அளவு' என்னும் வேறோர் எண். அது பெரும்பாலும் 60க்கும் 90க்கும் இடையில் நிற்கும். அமினோ அமிலப் பகுப்பாய்வாலோ நைதரசன் அளவீட்டாலோ அதனை அறிவர். கேட்டாலன்றி விற்பவர் பலர் அதனைத் தருவதில்லை.

நாம் முகவரை விடுத்து, பொருளை ஆக்கிய நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நேரே எழுதினோம். பதில் மூன்று வாரத்தின் பின் வந்தது. நேர்மையான பதில் என்றே சொல்லவேண்டும். எமக்குக் கிடைத்த சான்றிதழ், அதே வரிசையுடைய பெப்தைட்டை வேறொருவருக்காக முன்னர் ஆக்கிய தொகுதிக்குரியதாம். எமது தொகுதியை மீளச் சோதித்து அனுப்பினர்: தூய்மை 91.2 வீதம், தேறிய அளவு 71 வீதம். ஐந்து மில்லிகிராம் என எழுதிய குப்பியில் எமது பெப்தைட்டு ஏறக்குறைய 3.2 மில்லிகிராமே இருந்தது. பற்றீரியாவைக் கொல்லும் மிகக் குறைந்த செறிவு யாது என்பதே அம்மாணவியின் ஆய்வுப் பொருள். முதற்றாளை நம்பியிருந்தால் அவர் எழுதும் ஒவ்வோர் எண்ணும் மூன்றிலொரு பங்கு பிழைத்திருக்கும். பிழைத்தது என்பதை அவரும் அறியார், அவரைப் பரிசோதிப்போரும் அறியார். பின்னர் வேறு நாட்டில் அதே பரிசோதனையைச் செய்பவர் தம் கைத்திறனை ஐயுறுவார்.

தூய்மை ஒரு கேள்வி. அடையாளம் வேறொரு கேள்வி. நூற்றுக்கு நூறு தூய்மையான பிழையான பொருளும் உண்டு. பொருள் இன்னதுதானா என்பதைத் திணிவு நிறமாலைமானி சொல்லும். அதற்குரிய கணக்கைப் பாடசாலை மாணவரும் செய்யலாம். 1975இல் அபர்டீனில் ஹியூஸும் கொஸ்டர்லிட்சும் மூளையிலிருந்து கண்டறிந்த லியூ-என்கெபலின் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்டது. தைரோசின் எச்சம் 163.06, இரண்டு கிளைசின் 114.04, பீனைல் அலனின் 147.07, லியூசின் 113.08, இவற்றின் கூட்டுத்தொகை 537.25. சங்கிலியின் இரு முனைகளுக்குமாக ஒரு நீர் மூலக்கூறு 18.01 சேர்த்தால் 555.26 எனப் பெறுவோம். கருவியில் ஒரு புரோத்தன் ஏறிய நிலையில் 556.3 அளவில் தோன்றும். சான்றிதழில் எதிர்பார்த்த திணிவு என எழுதியிருப்பதை அப்படியே கொள்ளாது, கையாற் கூட்டிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். நான் பார்த்த சான்றிதழ்களில் இக்கூட்டலே பிழைத்தவையும் இருந்தன.

எனினும் திணிவுக்கும் தெரியாதவை உண்டு. லியூசினும் ஐசோலியூசினும் ஒரே திணிவுடையன. மணிகளின் வரிசை மாறினாலும் மொத்தத் திணிவு மாறாது. ஓர் அமினோ அமிலம் தன் ஆடி விம்பமாக மாறினாலும் மாறாது. அத்தகைய சிறு மாற்றம் என்ன செய்துவிடும் என்பார்க்கு பிரடிகைனின் என்னும் பெப்தைட்டின் வரலாற்றைச் சொல்லலாம். 1960இல் அதன் வரிசை எட்டு அமினோ அமிலங்களாக அறிவிக்கப்பட்டது. அவ்வாறே கட்டிப் பார்த்தபோது அது வேலை செய்யவில்லை. உண்மையில் அவை ஒன்பது. ஒரு புரோலின் விடுபட்டுப்போயிருந்தது. சேர்த்துக் கட்டியதும் வேலை செய்தது. கலப்பின் கதையோ இதற்கு மறுதலையானது. எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுகளிற் பயன்பட்ட செயற்கைப் பெப்தைட்டுகளில் வேறொரு பெப்தைட்டு மிகச் சிறிதளவு கலந்திருந்ததால், இல்லாத எதிர்ப்பாற்றல் இருப்பதுபோற் தோன்றியமை 2008இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையிற் காட்டப்பட்டது. நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த அழுக்கு, நோயெதிர்ப்புக் கலங்களுக்குப் போதுமானதாயிற்று.

சோதனை எதனைக் காணாது என்பதை அறிந்தவனே அச்சோதனையை ஏமாற்றவும் வல்லவன். அதே 2008ஆம் ஆண்டில் சீனாவிற் பாற்பொருட்களில் நிகழ்ந்தது இதுவே. பாலின் புரதத்தை, 1883இல் கெல்டால் வகுத்த முறைப்படி, நைதரசனை அளந்தே மதிப்பிடுவர். புரதத்தின் நிறையில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு நைதரசன். மெலமினிலோ மூன்றில் இரண்டு பங்கு. நீர் கலந்து மெலிந்த பாலில் மெலமினை இட்டவர்கள் கருவியை ஏமாற்றவில்லை. கருவி கேட்ட கேள்விக்குரிய விடையையே கொடுத்தனர். ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தனர்.

தொலைவிலுள்ள நாட்டைக் காட்டி நாம் ஆறுதலடைய வேண்டியதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடி இந்நாட்டில் மருந்துத் தட்டுப்பாட்டை உண்டாக்கிற்று. பதிவு செய்யப்படாத மருந்துகளைச் சிறப்பு அனுமதியுடன் தருவிக்கும் வழி அக்காலத்திற் பெரிதும் பயன்பட்டது. 2023இல் அரச மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்தைப் பெற்ற நோயாளர் சிலரிடம் தகாத விளைவுகள் தோன்றின. அம்மருந்து மனிதக் குருதியின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் புரதம். பெப்தைட்டுக்கு மூத்த உறவு எனலாம். விசாரித்தபோது இறக்குமதி ஆவணங்கள் போலியானவை எனக் கூறப்பட்டது. எந்த இந்திய நிறுவனத்தின் பெயர் அவற்றில் இருந்ததோ, அந்நிறுவனம் அம்மருந்தைத் தான் அனுப்பவில்லை என மறுத்தது. வழங்குநரும் அதிகாரிகள் சிலரும் கைதாயினர். முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியிற் கைது செய்யப்பட்டார். குற்றவாளி யார் என்பது நீதிமன்றத்துக்குரியது. அதனை நான் பேசப்புகவில்லை. என்னை உறுத்துவது வேறு. பெயர் பொறிக்கப்பட்ட நிறுவனத்துக்கு, "இந்தத் தொகுதி உங்களுடையதா?" என்று ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், கருவி வேண்டாம். அவ்வொரு கடிதம் நோயாளியின் நாளத்தில் ஊசி ஏறுமுன் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் கொள்வனவுக் கூட்டங்களில் இதனைக் கூறும்போதெல்லாம், விற்பவரிடம் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் இருக்கிறதே என்பர். இருக்கட்டும். அது நிறுவனம் ஒழுங்காக நடத்தப்படுகின்றது என்பதைக் கூறுவது. என் கையிலுள்ள குப்பியைப் பற்றி அது வாய்திறப்பதில்லை. சோதனைக்கூடத்தின் தகுதியைக் கூறுவது ஐ.எஸ்.ஓ. 17025. அதுவும் குறிப்பிட்ட சோதனைகளுக்கே வழங்கப்படும். தண்ணீரைச் சோதிக்கத் தகுதி பெற்ற கூடம் பெப்தைட்டைச் சோதிக்கத் தகுதி பெற்றதாகாது. எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்னும் பட்டியலைக் கேட்டு வாசிக்கவேண்டும். கலங்களை வளர்ப்போர் மேலும் ஒன்று கேட்கவேண்டும்: பற்றீரியாக்களின் சுவரிலிருந்து வரும் அகநஞ்சு அளக்கப்பட்டதா என்பது. ஒளியும் திணிவும் அதனைக் காட்டா. பொருள் வந்தபின் செய்யவேண்டியதும் உண்டு. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறத்தல் ஆகாது. மலைநாட்டு ஈரக்காற்று நொடியில் உள்ளே நீராகப் படிந்து, அரும்பாடுபட்டுப் பெற்ற தேறிய அளவைப் பொய்யாக்கிவிடும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்கும் பொறுமை மாணவர்க்கு எளிதில் வருவதில்லை.

கடந்த ஆண்டு ஊருக்குச் சென்றிருந்தபோது என் பெரியப்பாவின் பேரன், உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞன், ஒரு குப்பியுடன் வந்தான். தோள் நோவுக்கு நல்லதென்று யாரோ கூறி, கைத்தொலைபேசி மூலம் தருவித்தது. பி.பி.சி.-157 என்னும் பதினைந்து அமினோ அமிலப் பெப்தைட்டு எனப் பெயரிடப்பட்டிருந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 2022இலிருந்து விளையாட்டு வீரர்க்குத் தடைசெய்துள்ள பொருள் அது. குப்பியின் ஓரத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கல்ல என நுண்ணெழுத்திற் கண்டிருந்தது. அவன் அதனைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ள இருந்தான்.

"சித்தப்பா, சும்மா வாங்கல. செர்டிபிக்கேட் இருக்கு, பாருங்க. தொண்ணூற்றொன்பது வீதம்" என்றான்.

நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. இருவரும் தாளைத் திறந்து வாசித்தோம். திணிவு 1419.5 எனச் சரியாகவே இருந்தது. அது எந்த நூலிலும் கிடைக்கும் எண். தொகுதி இலக்கம் தாளில் இருந்தது, குப்பியில் இல்லை. சோதித்த கூடத்தின் பெயர் இருந்தது, முகவரி இல்லை. அகநஞ்சைப் பற்றியோ கிருமியின்மையைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. உடலில் ஏற்றுவதற்கு முதலில் வேண்டியது அதுவே, தொண்ணூற்றொன்பதன்று. அவனே தேடிப்பார்த்து, வேறொரு விற்பனையாளர் வேறொரு பெப்தைட்டுக்கு வெளியிட்டிருந்த சான்றிதழில் அதே வரைபடம் இருப்பதைக் கண்டான்.

"தாத்தா இருந்திருந்தா இத எடுத்து முகர்ந்து பார்த்திருப்பாரு" எனச் சிரித்தான். பின்னர் விற்றவருக்கு மூன்று கேள்விகள் எழுதினான்: குப்பியின் தொகுதி இலக்கம் யாது, சோதித்தவர் யார், அவரிடம் நேரே கேட்கலாமா?

பதில் மறுநாட் காலையே வந்துவிட்டது. அவனுடைய நம்பிக்கைக்கு நன்றி கூறி, அடுத்த கொள்வனவுக்குப் பத்து வீதம் கழிவு தருவதாக எழுதியிருந்தனர். குப்பியை அவன் என்னிடமே விட்டுச் சென்றான்.